கலாநிதிப் பட்டத்திற்குப் பின்னர் என்ன?

கலாநிதிப் பட்டம் பெற்றுவிட்டால் பல்கலைக்கழகத்தில் கதிரை ஒன்று காத்திருக்கும் என்றே எமது சனங்கள் பலர் நினைக்கின்றார்கள். 2020 இல் எனது பட்டம் உறுதியானபோது அயலில் உள்ள ஆச்சி ஒருவர், "டொக்டர் ஆகியிட்டாய் பிள்ளை, உந்த முழங்கால் நோவுக்கு ஒரு மருந்து சொல்லன்" என்று கேட்டார். நான் ஆராய்ந்தது முழங்காலை அல்ல, யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரை என்று அவருக்கு விளங்கப்படுத்தினேன். அதைச் சிரித்துக்கொண்டே சொல்லலாம். ஆனால் "அடுத்தது என்ன?" என்ற கேள்வியைச் சிரித்துச் சமாளிக்க முடியவில்லை. அப்போது எனக்கு வயது 42. வயதான அம்மாவும் 13 வயது மகளும் என்னை நம்பியிருந்தார்கள். ஆய்வுக்கெனக் கிடைத்துவந்த மாதாந்தக் கொடுப்பனவும் நின்றிருந்தது.

இந்த இதழை வாசிக்கும் சகோதரிகளில் மேற்படிப்பைத் தொடர்பவர்கள் சிலர் இருப்பீர்கள். படிப்பை இடையில் விட்டவர்களும், மகளைப் பல்கலைக்கழகத்திற்கு அனுப்பிய தாய்மாரும் இருப்பீர்கள். பட்டத்திற்குப் பின்னரான வாழ்க்கையைத் திட்டமிடுவது பற்றி நான் அறிந்துகொண்டவற்றை உங்களுக்காகவே எழுதுகின்றேன்.

இழந்த ஆண்டுகளையும் எழுதுங்கள்

1995 ஒக்டோபரில் வலிகாமமே இடம்பெயர்ந்தபோது நான் உயர்தர வகுப்பு மாணவி. புத்தகங்களை வீட்டில் விட்டு உடுப்புப் பையுடன் தென்மராட்சிக்கு நடந்தோம். பட்டப்படிப்பை முடிக்க 2005 ஆகிவிட்டது. 2009 இல் கணவரை இழந்தபோது மகளுக்கு 2 வயது. தனியார் கல்வி நிலையங்களில் விஞ்ஞானம் படிப்பித்துக் குடும்பத்தைக் கொண்டு நடத்தினேன். 2013 இல்தான் மேற்படிப்புக்குப் பதிவுசெய்ய முடிந்தது.

பட்டம் பெற்ற பின்னர் நான் தோற்றிய ஒரு நேர்முகப் பரீட்சையில், "முதற்பட்டம் முடித்து 8 வருடம் சும்மா இருந்திருக்கிறீர்கள். ஆய்வில் ஆர்வம் இருக்கவில்லையா?" என்று கேட்டார்கள். அந்த 8 வருடத்தில் ஒரு நாளாவது நான் சும்மா இருந்ததாக எனக்கு நினைவில்லை. அந்த வேலை எனக்குக் கிடைக்கவில்லை.

அதன் பின்னர் எனது சுயவிபரக் கோவையில் இடைவெளிகளை ஆண்டுடன் எழுதத் தொடங்கினேன். "1995 - 1996: இடப்பெயர்வு காரணமாகக் கல்வி தடைப்பட்டது. 2009 - 2012: குடும்பத்தின் முழுப் பொறுப்பு, விஞ்ஞான ஆசிரியை." இரண்டே வரிகள். அனுதாபம் கேட்கும் சொல் எதையும் அதில் சேர்க்கவில்லை. அடுத்த நேர்முகப் பரீட்சையில் இடைவெளி பற்றி எவரும் கேட்கவில்லை. கற்பித்தல் அனுபவம் பற்றியே கேட்டார்கள். யுத்தம் எடுத்துக்கொண்ட ஆண்டுகளுக்கு நாம் வெட்கப்பட வேண்டியதில்லை. அவற்றை மறைத்தால் பார்ப்பவர்கள் தமக்குத் தோன்றியதை நினைத்துக்கொள்வார்கள்.

ஒரு கொப்பியும் மூன்று நிரல்களும்

ஆய்வேட்டைக் கையளித்ததற்கும் வாய்மொழிப் பரீட்சைக்கும் இடையில் சில மாதங்கள் கழிவது வழமை. அந்த நாட்களில் ஒரு கொப்பியில் மூன்று நிரல்கள் போட்டேன். முதலாவதில் எனக்குச் செய்யத் தெரிந்தவை, இரண்டாவதில் அவை யாருக்குத் தேவை, மூன்றாவதில் அவர்கள் எங்கே இருக்கின்றார்கள்.

எனது ஆய்வுத் தலைப்பு கிணற்று நீரில் உள்ள நைத்திரேற்று. யாழ் குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணக்கல்லினுள் தேங்கும் மழைநீரே எமது முக்கிய குடிநீர். தோட்டத்துப் பசளையும் மலசலகூடக் குழிகளின் கழிவும் அதனுள் கசிகின்றன. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக்கூடாது என உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டுகின்றது. அந்த நீரில் பால்மா கரைத்துக் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கே ஆபத்து அதிகம்.

தலைப்பை மட்டும் பார்த்தால் எனக்கு ஏற்ற வேலை நாட்டில் ஒன்றிரண்டுதான் இருக்கும். ஆனால் முதலாவது நிரல் நீண்டுகொண்டே போயிற்று. மாதிரி எடுத்துப் பரிசோதிக்கத் தெரியும். வீடு வீடாகச் சென்று விபரம் திரட்டவும், புள்ளிவிபரங்களை ஆராயவும், ஆங்கிலத்திலும் தமிழிலும் அறிக்கை எழுதவும் தெரியும். மாணவர்களைப் பழக்கவும், ஆய்வுப் பணத்திற்குக் கணக்கு ஒப்படைக்கவும் தெரியும். கலாநிதி ஆய்வு செய்த எவருக்கும் இப்படி ஒரு நிரல் இருக்கும். எழுதிப் பார்க்காதவரை அது கண்ணுக்குத் தெரிவதில்லை.

வேலை எங்கெல்லாம் உண்டு?

முதலாவது பல்கலைக்கழகம். இங்கு ஒன்றை முன்கூட்டியே அறிந்திருத்தல் வேண்டும். எமது நாட்டில் விரிவுரையாளர் பதவிக்குக் கலாநிதிப் பட்டம் மட்டும் போதாது. முதற்பட்டம் சிறப்புப் பட்டமா, அதில் எந்த வகுப்பு என்பதையும் பார்ப்பார்கள். ஆகவே பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் நிபந்தனைகளை ஆய்வு தொடங்கும்போதே வாசியுங்கள். 2022 பொருளாதார நெருக்கடியின் பின்னர் அரச ஆட்சேர்ப்புகள் இறுகின என்பதையும் மனதிற் கொள்ள வேண்டும். அதற்காக நம்பிக்கை இழக்கத் தேவையில்லை. உயிர் இரசாயனத்துறைப் பேராசிரியர் வசந்தி அரசரட்னம் 2011 முதல் 2017 வரை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர்.

இரண்டாவது ஆய்வு நிறுவனங்கள். தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம், லுணுவிலையில் தெங்கு ஆராய்ச்சி நிறுவனம், கைதடியில் பனை ஆராய்ச்சி நிறுவனம், கொழும்பில் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் என இவை பல. சமூகவியல் படித்தவர்களுக்கு 1982 இல் ஆரம்பிக்கப்பட்ட இனத்துவக் கற்கைகளுக்கான சர்வதேச நிலையம் போன்றவை உண்டு. என்னைப் போன்றவர்களுக்கு நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையும், கொழும்பைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனமும் உள்ளன.

மூன்றாவது, செயற்றிட்டங்களில் ஒப்பந்த அடிப்படையிலான வேலை. சம்பளம் பரவாயில்லை, ஆனால் எப்போது முடியும் என்பது முதல் நாளே தெரியும். ஓய்வூதியம் இல்லை.

நான்காவது, வெளிநாடுகளில் "போஸ்ட் டொக்" எனப்படும் ஆய்வுப் பதவி. கலாநிதிப் பட்டத்தின் பின்னர் ஓரிரு ஆண்டுகள் வேறொரு ஆய்வுகூடத்தில் சம்பளத்துடன் ஆராய்வது இதுவாகும். ஐரோப்பிய ஒன்றியம் மேரி கியூரியின் பெயரில் வழங்கும் உதவிக்கு எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். பட்டம் பெற்ற பின்னர் ஆய்வில் கழித்த காலம் 8 ஆண்டுகளைத் தாண்டக்கூடாது என்பது அதன் விதி. பிள்ளைப் பராமரிப்புப் போன்ற காரணங்களால் ஆய்விலிருந்து விலகியிருந்த காலத்தை அதில் சேர்ப்பதில்லை. இப்படியான விதிகள் பலருக்குத் தெரிவதில்லை. "வயது போய்விட்டது" என்று விண்ணப்பிக்காமலே இருந்துவிடுகின்றார்கள்.

மேரி கியூரியும் பிள்ளை வளர்த்துக்கொண்டே 1903 இல் கலாநிதிப் பட்டம் பெற்றவர். 1906 இல் கணவர் வீதி விபத்தில் இறந்தபோது மூத்த மகளுக்கு 8 வயது, இளையவளுக்கு 1 வயது. அதே ஆண்டில் கணவர் கற்பித்த இடத்திலேயே அவர் விரிவுரையைத் தொடர்ந்தார்.

வெளிநாடா, வீடா?

2021 இல் எனக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று ஐரோப்பிய ஆய்வுகூடமொன்றில் 2 ஆண்டுப் பதவி. மற்றையது வடக்கில் நீர்ச் செயற்றிட்டமொன்றில் 18 மாத ஒப்பந்தம். முதலாவதில் சம்பளம் பல மடங்கு. உறவினர் சிலர் "போனால் அங்கேயே நிற்கலாம்" என்றார்கள்; சிலர் "பொம்பிளைப் பிள்ளையை விட்டிட்டுப் போறதோ?" என்றார்கள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மகள்தான் சொன்னாள்: "அம்மா, நீங்கள் போனால் நான் அம்மம்மாவோடை இருப்பன். ஆனால் என்ரை ஓ.எல். முடியட்டும்."

அவள் சொன்னது ஒரு திட்டம். போகவேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. எப்போது போகலாம் என்று சொன்னாள். ஒப்பந்த வேலையை ஏற்றேன். எரிபொருள் கிடைக்காத 2022 இல் மாதிரிப் போத்தல்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிணறு கிணறாகச் சென்றேன். இரவில் ஆய்வேட்டின் அத்தியாயங்களைக் கட்டுரைகளாக்கி ஆய்விதழ்களுக்கு அனுப்பினேன். மகள் 2023 இல் சாதாரண தரம் எழுதி முடித்ததும், அக்கட்டுரைகளைக் காட்டி வேறொரு ஆய்வுகூடத்திற்கு விண்ணப்பித்து, 10 மாதங்கள் சென்று வந்தேன்.

இன்றும் எனக்கு நிரந்தர வேலை இல்லை. ஆண்டுதோறும் புதுப்பிக்கும் ஒப்பந்தத்திலேயே இருக்கின்றேன். மகளின் படிப்புச் செலவும் அம்மாவின் மருந்துச் செலவும் அதில் நடக்கின்றன. கிணற்றுக்காரருக்குப் பரிசோதனை முடிவைத் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கும் முறையை எமது செயற்றிட்டத்தில் ஏற்படுத்தியிருக்கின்றேன். "இந்தத் தண்ணியைப் பிள்ளைக்குக் குடுக்கலாமோ?" என்று தாய்மார் கேட்கும்போது என்னால் மறுமொழி சொல்ல முடிகின்றது.

சகோதரிகளுக்குச் சில ஆலோசனைகள்

ஆய்வு முடிய ஒரு வருடம் இருக்கும்போதே வேலை தேடத் தொடங்குங்கள். கொடுப்பனவு நின்ற பின்னர் 6 மாதங்களுக்கேனும் வீட்டுச் செலவைச் சமாளிக்கச் சிறுகச் சிறுகச் சேமியுங்கள்.

உங்களுக்காகச் சிபாரிசுக் கடிதம் எழுதக்கூடிய மூவரை இப்போதே அறிந்து வையுங்கள். மேற்பார்வையாளர் ஒருவரை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். அவர் ஓய்வு பெறலாம், நாட்டை விட்டுப் போகலாம்.

பணம் கட்டினால் உடனே கட்டுரையைப் பிரசுரிப்போம் என்று மின்னஞ்சல் அனுப்பும் இதழ்களுக்கு இடம் கொடாதீர்கள். தேர்வுக் குழுவினர் அவற்றை மதிப்பதில்லை.

ஒரே வாசலில் காத்திருக்க வேண்டாம். ஒரே காலத்தில் மூன்று விதமான வேலைகளுக்கு விண்ணப்பியுங்கள். ஒவ்வொன்றுக்கும் சுயவிபரக் கோவையைத் தனித்தனியே எழுதுங்கள்.

வீட்டாருடன் பேசும்போது பிள்ளைகளையும் இருத்திப் பேசுங்கள். எத்தனை ஆண்டுகள், எவ்வளவு வருமானம், யார் யாரைப் பார்ப்பது என்பவற்றைத் தாளில் எழுதி எல்லோருக்கும் காட்டுங்கள். ஊரார் சொல்வதைக் கேட்டு முடிவெடுத்தால், அதன் சுமையை ஊரார் சுமக்கப் போவதில்லை.

படிப்பை இடையில் விட்ட சகோதரிகளே, 1980 இல் ஆரம்பிக்கப்பட்ட திறந்த பல்கலைக்கழகத்திற்கு யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் நிலையங்கள் உள்ளன. அங்கு சென்று விசாரியுங்கள். நான் சொன்ன மூன்று நிரல் கொப்பிக்குப் பட்டம் எதுவும் தேவையில்லை. இன்றிரவு பிள்ளைகள் உறங்கிய பின்னர் முதலாவது நிரலை எழுதிப் பாருங்கள்.