ஒரே சைக்கிள், இரண்டு சாலை!

புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண்கள் 1991-ல் அறிவொளி இயக்கத்தில் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். சாலை நன்றாக இருந்தால்தான் சைக்கிள் நன்றாக ஓடும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

கணினியிலும் அதே கதைதான்!

தமிழக அரசு 2011-ல் மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. தொடக்கத்தில் வந்தவற்றில் விண்டோஸ், பாஸ் லினக்ஸ் என்று இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. பயர்பாக்ஸ் உலாவி இரண்டிலும் ஓடும்.

வேகம் ஒன்றுதானா?

எழுத்துப் பக்கங்களில் அதிக வித்தியாசம் இல்லை. வீடியோவில் உண்டு. படம் காட்டும் வேலையைத் தனிச் சில்லிடம் விட்டால் சுமை குறையும். விண்டோசில் அந்த வசதி முன்பே இருந்தது. லினக்ஸ் பயர்பாக்சுக்கு 2020-ல்தான் வந்தது. அதுவரை எல்லாச் சுமையும் மையச் செயலியின் தலையில்! சூடு ஏறும், பேட்டரி இறங்கும். மின்சாரம் நின்ற இரவில் வீடியோ பாடம் பார்க்கும் பிள்ளைக்கு அது பெரிய இழப்பு அல்லவா?

உலாவியைக் குறை சொல்லுமுன் சாலையையும் பாருங்கள்!