இரவுக்கு ஒரு நங்கூரத்துறை

சாவடி என்றால் வழிப்போக்கர் தங்கும் இடம். புதுச்சேரிக்கு வடக்கே கடலை ஒட்டிச் சின்னமுதலியார்சாவடி, பெரியமுதலியார்சாவடி, பிள்ளைச்சாவடி என ஊர்ப்பெயர்கள் வரிசையாக அமைந்துள்ளன. நடந்தும் வண்டியிலும் சென்றோருக்கு இவ்வழியில் இராத்தங்கல் அரிதாக இருந்திராது என்று இப்பெயர்களைக் கொண்டே கருதலாம். ஆனால், நேயர்களே, படகில் வருகிறவன் எங்கே தங்குவான்?

சோழமண்டலக் கரை பெரும்பாலும் நேர்கோடு போன்றது. காற்றையும் அலையையும் தடுக்கும் குடா இங்கு இல்லை. முன்னாளில் புதுச்சேரிக்கு வந்த கப்பல்கள் கரைக்கு எட்ட நின்றே நங்கூரம் பாய்ச்சின. ஆட்களையும் சரக்கையும் அலை கடத்திக் கொண்டுவந்தவை, பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த மசூலாப் படகுகள். பிள்ளைச்சாவடி மீனவருக்கோ மணலே துறைமுகம். கட்டுமரத்தைக் கரையேற்றிவிட்டால் கவலையில்லை. அந்த மணலும் இன்று குறைந்துவிட்டது. ஆண்டின் பெரும்பகுதியில் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகரும் மணலை, 1980-களின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கட்டிய கற்சுவர்கள் தடுத்தன. வடபால் உள்ள கரைகளைக் கடல் அரித்தது. அரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறைகளின்மேல் படகை இழுத்தேற்ற முடியுமா?

ஆகவே சிறுபடகுக்கு ஏற்ற வழி கடலன்று. கடலுக்கு இணையாக உள்ளே செல்லும் நீர்வழியே. பக்கிங்காம் கால்வாயைத்தான் சொல்கிறேன். 1806-இல் கோக்ரேன் என்பவர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டிய சிறு கால்வாய் அதன் தொடக்கம். பின்னர் அது இருபுறமும் நீண்டது. 1876 முதல் 1878 வரை நிலவிய தாது வருஷப் பஞ்சத்தில் கூலிக்கு மண் சுமந்த ஏழைகள், அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதியைத் தோண்டினார்கள். அப்போதைய ஆளுநரின் பெயர் கால்வாய்க்கு நிலைத்தது. தோண்டியவர் பெயர் ஒன்றும் நிலைக்கவில்லை. ஆந்திரத்துப் பெத்தகஞ்சாமிலிருந்து மரக்காணம் வரை ஏறத்தாழ 420 கிலோமீட்டர் அதன் நீளம்.

உப்பும் சவுக்கு விறகும் இவ்வழியே சென்னை சேர்ந்தன. காற்று வாய்த்தால் பாய். இல்லையேல் கோல் ஊன்றுதல், அல்லது கரையில் நடந்து கயிற்றால் இழுத்தல். புதுவைக் கவிஞர் பாரதிதாசன் நண்பர்களோடு இக்கால்வாயில் பயணம் செய்து பாடியதே ‘மாவலிபுரச் செலவு’.

தெற்கு நோக்கி வருகிறவனுக்கு முட்டுக்காட்டு உப்பங்கழி, மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் ஆகியவை இயல்பான தங்குமிடங்கள். அதன்பின் பாலாற்றைக் குறுக்கே கடக்க வேண்டும். வெள்ளம் வந்தால் காத்திருப்பதே அறிவுடைமை. அப்பால் ஆலம்பரைக் கோட்டையருகே கழி விரிகிறது. 1750-இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, 1760-இல் ஆங்கிலேயரிடம் வீழ்ந்த கோட்டை அது. இடிந்த மதில்களுக்கு அருகே இரவைக் கழிப்பதில் ஒரு தனி இன்பம் உண்டு என்பது என் எண்ணம்.

எனினும் அழகு வேறு, பாதுகாப்பு வேறு. நங்கூரம் பாய்ச்சுமுன் கோலை ஊன்றி ஆழம் பாருங்கள். கோல் நுனியில் ஒட்டி வருவது சேறாயின் நன்று, நங்கூரம் பற்றிக்கொள்ளும். அடுத்து நீரேற்றம். ஏறத்தாழப் பன்னிரண்டரை மணிக்கு ஒருமுறை நீர் ஏறி இறங்குகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இவ்வேறுபாடு மிகுதி. ஒரு மீட்டர் நீரில் அமிழும் படகை, ஏற்றத்தின் உச்சியில் ஒன்றரை மீட்டர் ஆழத்தில் நிறுத்தினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இரவில் முக்கால் மீட்டர் வற்றினால் படகு தரைதட்டிச் சாயும். கயிறு, உச்ச ஆழத்தைப்போல் ஐந்து மடங்கேனும் வேண்டும். குறைந்தால் நங்கூரம் கிடையாக இழுபடாமல் மேலே தூக்கப்பட்டு விடுபடும். மாலையில் கடற்காற்று கிழக்கிலிருந்து வீசும்; நள்ளிரவுக்குப்பின் கரைக்காற்று மேற்கிலிருந்து வரும். படகு நங்கூரத்தைச் சுற்றி அரைவட்டம் அடிக்குமாதலால், அதற்குரிய இடத்தையும் விட்டுவைக்க வேண்டும். இறுதியாக, கரையில் ஒரு பனைமரமும் அதன் பின்னே ஒரு விளக்கும் ஒரே நேர்கோட்டில் வருமாறு குறித்துக்கொள்ளுங்கள். காற்று மாறாதிருக்கும்போதே அக்கோடு பிசகினால் நங்கூரம் இழுபடுகிறது என்று அறியலாம்.

இவற்றையெல்லாம் பயிலப் படகு எங்கே என்று கேட்பீர்கள். 1965, 1966-ஆம் ஆண்டுப் புயல்கள் கால்வாயைச் சிதைத்தன, லாரிகள் பெருகின, போக்குவரத்து ஓய்ந்தது. சென்னைக்குள் பறக்கும் ரயிலின் தூண்கள் கால்வாயிலேயே நிற்கின்றன. 2008-இல் காக்கிநாடா முதல் புதுச்சேரி வரையிலான நீர்வழி, தேசிய நீர்வழி எண் 4-இன் பகுதியாக அறிவிக்கப்பட்டது. மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே அவ்வழி கழுவேலி ஏரியைத் தழுவிச் செல்வது. அவ்வேரியோ 2021-இல் பறவைகள் சரணாலயமாயிற்று. பெரிய இயந்திரப் படகுகளுக்காக ஆழப்படுத்தினால், நாரைகள் நின்று இரை தேடும் ஆழமற்ற நீர் எஞ்சாது. கோலும் பாயும் கொண்டு செல்லும் தட்டையான படகுக்கு அவ்வளவு ஆழம் தேவையில்லை. எனக்கு வாக்குரிமை இருந்தால் அச்சிறு படகுக்கே அளிப்பேன்.