45 மணி நேரத்தில் ஒரு கடல்

புதுச்சேரியின் மீனவக் கிராமமான வீராம்பட்டினம் கணினியைத் தெரிந்துகொண்டது அலையின் உயரத்தை வைத்து. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் வில்லியனூரை நடுவமாக வைத்துப் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினமும் அதில் சேர்ந்தது. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வரும் அலை முன்னறிவிப்பை எடுத்து, தமிழாக்கி, ஒலிபெருக்கியில் சொன்னார்கள். இதே கரையில் தெற்கே இருக்கும் நல்லவாட்டில் 2004 டிசம்பர் 26 அன்று, சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் வந்த சுனாமி எச்சரிக்கை ஊர் முழுக்க எட்டியதும் இப்படியொரு மையத்தின் ஒலிபெருக்கி வழியாகத்தான்.

கணினி என்றால் உயிர் காக்கும் செய்தி என்று கண்டுகொண்ட கரை இது. இந்தக் கரையின் பிள்ளைகள் கல்லூரிக்குப் போனதும் அதே கணினியும், கூடவே உயிரியலும் எப்படி அறிமுகமாகின்றன?

பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட பாடத்திட்ட வரையறையின்படி, இளநிலை மாணவர்கள் தங்கள் துறைக்கு வெளியே மூன்று அறிமுகப் பாடங்களைப் படிக்க வேண்டும். ஒவ்வொன்றும் 3 கிரெடிட். பி.காம். மாணவி உயிர் அறிவியல் படிக்கலாம்; விலங்கியல் மாணவன் வணிகக் கணினி படிக்கலாம். புதுவைப் பல்கலைக்கழகம் 2023-24 முதல் இந்த முறைக்கு மாறியது. இந்த முறைக்கு அடிப்படையான புதிய கல்விக் கொள்கையை ஏற்காத தமிழ்நாட்டிலும், நான்காம் பகுதியில் வேற்றுத்துறை விருப்பப் பாடம் என்று இதற்கு இணையான ஒன்று வெகுகாலமாக உண்டு. கொள்கைச் சண்டை தனி. வகுப்பறைக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் என் கவலை.

ஒரு கிரெடிட் என்றால் 15 மணி நேர வகுப்பு. மூன்றுக்கு 45 மணி நேரம். பத்தாம் வகுப்போடு உயிரியலை விட்டுவிட்ட வணிகவியல் மாணவிக்கு, வாழ்நாளில் மீண்டும் உயிரியலைச் சொல்லிக்கொடுக்க யாரும் வரப்போவதில்லை. இந்த 45 மணி நேரம்தான் மிச்சம். அதைச் செல்லின் பாகங்களைப் படம் வரைந்து குறிப்பதிலும், கணினியின் ஐந்து தலைமுறைகளை ஒப்பிப்பதிலும் கரைப்பது எனக்கு வலிக்கிறது. ‘அது சும்மா பாஸ் பண்ற பேப்பர்’ என்று மாணவர்கள் சொன்னால் குற்றம் அவர்களுடையது அல்ல.

வேறு எப்படிச் சொல்லிக்கொடுக்கலாம்? வீராம்பட்டினத்தில் விடிகாலையில் படகுகள் கரை ஏறியதும் நடக்கும் ஏலத்தைப் பாருங்கள். என்ன மீன், எத்தனை கிலோ, என்ன விலைக்குப் போனது, டீசலுக்கும் ஐஸுக்கும் எவ்வளவு கழிந்தது, படகுக்கும் வலைக்கும் ஆளுக்கும் பங்கு எப்படிப் பிரிந்தது என எல்லாமே எக்செல் தாளின் வரிசைகளும் நெடுவரிசைகளும்தான். இன்ஜினுக்குத் தேய்மானம் போட்டுப் பார்த்தால், லாபம் என்று நினைத்த வாரம் நஷ்டம் என்று தெரியவரலாம். கூட்டல், சராசரி, வடிகட்டல், வரைபடம் ஆகிய நான்கையும் கற்பிக்க இதைவிட நல்ல கணக்கு எந்தப் பாடநூலில் இருக்கிறது? புத்தகத்தில் ‘ஏ.பி.சி. நிறுவனம்’ விற்ற பொருளுக்கு மணமே கிடையாது.

அதே தாளில் மீனின் நீளத்துக்கு ஒரு நெடுவரிசை சேர்த்தால் உயிரியல் தொடங்கிவிடும். ஒரே இனத்தில் நூறு மீனை அளந்து வரைபடம் போட்டு, அந்த இனம் முதன்முதலில் சினைப்பிடிக்கும் நீளம் எது என்று ஒரு கோடு கிழிக்கட்டும். கோட்டுக்குக் கீழே எத்தனை மீன்? ஒருமுறைகூட முட்டையிடாமல் வலையில் சிக்கியவை அவை. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை எதற்கு என்று அப்புறம் யாரும் விளக்க வேண்டியதில்லை. தடைக்கால நிவாரணம் போதுமா என்ற கேள்வியையும் அதே தாளிலேயே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். ஹைதராபாத்தில் 1999-ல் தொடங்கப்பட்ட இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், மீன் கிடைக்கக்கூடிய இடங்களைக் கணித்துச் சொல்கிறது. செயற்கைக்கோள் கடலின் நிறத்தையும் மேற்பரப்பு வெப்பத்தையும் அளக்கிறது. பச்சையம் அதிகமுள்ள இடத்தில் தாவர மிதவை உயிரிகள் இருக்கும். அவற்றைத் தின்ன விலங்கு மிதவை உயிரிகள் வரும், அவற்றைத் தேடி மத்தி வரும், மத்தியைத் துரத்தி வஞ்சிரம் வரும். இந்த உணவுச் சங்கிலி கணினிக்குள் எண்களாக நுழைந்து, மீனவரின் கைப்பேசியில் திசையாகவும் தூரமாகவும் ஆழமாகவும் வெளியே வருகிறது. இங்கே உயிரியல் எங்கே முடிகிறது, கணினி எங்கே தொடங்குகிறது என்று யார் பிரிப்பது?

உயிரியல் வகுப்புக்கு இன்னோர் இடமும் பக்கத்திலேயே இருக்கிறது. அரியாங்குப்பம் ஆறு கடலில் கலக்கும் பகுதியில் அலையாத்திச் செடிகள் சேற்றிலிருந்து சுவாச வேர்களை நீட்டி நிற்கின்றன. அங்கே பாடம் நடத்த ஒரு பிற்பகல் போதும்.

இப்படிக் கற்பிக்கத் தடையாக இருப்பது பணம் அல்ல. கால அட்டவணையும் வினாத்தாளும்தான். வணிகவியல் ஆசிரியரும் விலங்கியல் ஆசிரியரும் ஒரே வகுப்பைப் பகிர்ந்துகொள்ள அட்டவணை இடம் தருவதில்லை. எல்லாக் கல்லூரிக்கும் ஒரே வினாத்தாள் என்றால் கரையில் எடுத்த கணக்குக்கு மதிப்பெண் போட வழியில்லை. அக மதிப்பீட்டையாவது இதற்கு முழுதாக ஒதுக்கலாம்; அதற்குத் துறைத் தலைவர்கள் இருவர் உட்கார்ந்து பேசினால் போதும். மீனவக் குடும்பத்து மாணவர்களைத் தரவு எடுக்கும் குழுக்களுக்குத் தலைவர்களாக்க வேண்டும். மீனை அடையாளம் காண்பதில் அந்த வகுப்பில் அவர்களே ஆசிரியர்கள்.

காலமும் தோதாக இருக்கிறது. ஜூன் நடுவில் தடை முடிந்து படகுகள் இறங்கும். சேர்க்கை முடிந்து முதல் செமஸ்டர் தொடங்கும்போது கரையில் வரத்து இருக்கும். இரண்டாம் செமஸ்டர் முடியும் ஏப்ரலில் மீண்டும் தடை வரும். ஓராண்டு மாணவர்கள் எடுத்த தாளை அடுத்த ஆண்டு மாணவர்களிடம் கொடுத்தால், ஐந்தே ஆண்டில் வீராம்பட்டினத்துக்கென்று ஒரு மீன்வரத்துப் பதிவேடு உருவாகிவிடும்.