பக்கத்து மடைத் தண்ணீர்

முத்துப்பேட்டையில் ஒரு விவசாயி என்று வைத்துக்கொள்வோம். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருக்கும் சதை வற்றிப் பள்ளம் விழுகிறது. பூட்டில் சாவியைத் திருப்ப வரவில்லை, சட்டைப் பொத்தான் வழுக்குகிறது. வலியும் இல்லை, மரத்துப்போகவும் இல்லை. 'கழுத்தெலும்புத் தேய்மானம்' என்று சில மாதம் பட்டை போட்டுக்கொண்டு திரிந்துவிட்டு, தஞ்சாவூரில் நரம்பு டாக்டரிடம் போகிறார். "கரண்ட் வெச்சுப் பாக்கணும்" என்றதும் கூட வந்தவர்களுக்கும் வியர்த்துவிடுகிறது.

பயம் பாதிக்குத்தான் நியாயம். முதலில் செய்வது நரம்புக் கடத்தல் சோதனை. தோலின் மேல் லேசாக மின்சாரம் வைப்பார்கள், சுளீரென்று இருக்கும். (அன்றைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு போகக் கூடாது.) டாக்டரின் சந்தேகம், தசையை இயக்கும் நரம்பணுக்கள் அழியும் இயக்க நரம்பணு நோய். அதில் உணர்ச்சி நரம்புகள் பெரும்பாலும் கெடுவதில்லை. இயக்க நரம்பில் மின்சாரம் நடுவழியில் அடைபட்டு நின்றால் வேறு நோயாகவும் இருக்கலாம். உடலின் எதிர்ப்புச் சக்தியே நரம்பைத் தாக்கும் அந்த நோயில், இம்யூனோகுளோபுலின் ஏற்றினால் கை தேறும். என்னைக் கேட்டால், சிகிச்சைக்கு இணங்கும் ஒன்றைத் தவறவிடாமல் பிடிப்பதுதான் இந்தச் சோதனையின் பெரிய உபகாரம்.

அடுத்தது ஊசி. இதில் மின்சாரம் பாய்ச்சுவதே கிடையாது. தசை தானாக எழுப்பும் மில்லிவோல்ட் அளவு மின்சாரத்தை ஊசி ஒட்டுக்கேட்கிறது. குழல் ஊசிக்குள் மெல்லிய கம்பியைச் செருகி இந்த ஊசியை உருவாக்கியவர்கள் ஏட்ரியன், பிராங்க் என்ற இரு விஞ்ஞானிகள், 1929இல். அலை திரையில் ஓடும், ஓசை ஒலிபெருக்கியில் கேட்கும். கைதேர்ந்த டாக்டருக்குக் காதுதான் முந்தும்.

தண்டுவடத்திலும் மூளைத்தண்டிலும் உள்ள ஒவ்வொரு இயக்க நரம்பணுவும் ஒரு வாய்க்கால். கண்ணை அசைக்கும் தசையில் அது பத்து இருபது இழைகளுக்குப் பாயும், கெண்டைக்காலில் ஆயிரத்துக்கு மேல். ஒரு வாய்க்கால் வறண்டால் அதன் வயல்கள் நாதியற்றுப் போகின்றன. இரண்டு மூன்று வாரத்தில் அந்த இழைகள், யாரும் ஏவாமலேயே தனித்தனியாகத் துடிக்கத் தொடங்கும். தகரக் கூரையில் தூறல் விழுவதுபோல, சீராக 'டிக் டிக்' என்று கேட்கும். நலமான தசை தளர்ந்து கிடக்கையில் ஊசி சும்மா இருந்தால் சத்தமே வராது. ஒரு வாய்க்காலின் இழைகள் மொத்தமாகத் துள்ளுவது வேறு. அது மணலில் கடைசி நெல் பொரிவதுபோல, எப்போது வருமென்று தெரியாமல் 'டப்' என்று விழும். அது மட்டும் இருந்தால் நோயென்று சொல்ல முடியாது. சகுனம் பார்க்கிறோமே, அந்த இமைத் துடிப்பு எல்லோருக்கும் வருவதுதான்.

இப்போது "கையை மடக்குங்க" என்பார் டாக்டர். பக்கத்து வாய்க்கால்காரர் வரப்பை வெட்டி, காய்ந்த வயலுக்கும் தண்ணீர் விட்டிருக்கிறார். பிழைத்த நரம்பணு கிளைவிட்டு நாதியற்ற இழைகளைத் தத்தெடுத்துவிடுகிறது. அதனால் திரையில் அலைகள் வழக்கத்தைவிடப் பெரிது, ஆனால் எண்ணிக்கையில் குறைவு. இருக்கும் சிலரே வேகவேகமாக உழைக்கிறார்கள். நோய் பல காலமாக ஓடுகிறது என்பதற்கு இதுதான் சாட்சி. பாதி வாய்க்கால் போன பிறகும் கை ஓரளவு வேலை செய்ததும் இந்தத் தத்தெடுப்பால்தான்.

ஒரு கையோடு நிறுத்த மாட்டார்கள். கால், முதுகு, தாடைக்கடியில் குத்தி நாக்கு என்று போகும். கழுத்துத் தட்டு பிதுங்கினால் கை சூம்பலாம், நாக்கு சூம்பாது. சந்தேகமே இல்லாத இடத்திலும் ஊசி போவதற்கு இதுதான் காரணம். அதிலும் நாக்கைத் தளர்வாக வைக்கச் சொல்வது பெரிய தண்டனை, அது சும்மா கிடந்தால்தானே! மூளையிலிருந்து இறங்கும் மேல்நரம்பணுவின் பழுது ஊசிக்குத் தெரியாது. அதற்கு முழங்காலைத் தட்டும் சுத்தியல்தான்.

வாய்க்கால் வறண்டதை ஊசி சொல்லும், நோயின் பெயரைச் சொல்லாது. 1970இல் மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், ராமமூர்த்தி ஆகிய சென்னை மருத்துவர்கள் தங்களிடம் வந்த நோயாளிகளில் ஒரு தனி ரகத்தைக் கவனித்து எழுதினார்கள். இளவயதிலேயே கை கால் சூம்பி, முகமும் தொண்டையும் தளர்ந்தாலும், நோய் மிக மெதுவாக நகர்ந்தது. பலருக்குக் காதும் மந்தம். 'மெட்ராஸ் இயக்க நரம்பணு நோய்' என்ற பெயர் உலகப் பாடநூல்களில் நிலைத்தது. பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனை 1971 முதல் 2007 வரை தான் பார்த்த இந்த ரக நோயாளிகள் 116 பேரைப் பற்றி 2008இல் எழுதியது. வழக்கமான வகையில் பலருக்குச் சில ஆண்டுகளே கிடைக்க, இவர்கள் பல பத்தாண்டுகள் வாழக்கூடும். ஊசி முனையில் இரண்டுக்கும் கேட்கும் ஓசை ஏறக்குறைய ஒன்றே. அதனால், இருபது வயதுப் பையன் மேசையில் படுத்திருந்தால், ஊசியை எடுக்கும் முன் டாக்டர் கேட்டாக வேண்டும்: "தம்பி, காது நல்லாக் கேக்குதா?"