கண் மங்குது, கால் மரத்துப்போகுது... வேலை டென்ஷன்தானா?

சார்ஜர் வயரின் மேலுறை கிழிந்தால் என்ன ஆகும்? மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.) நோயில் நரம்புக்கும் அதே கதிதான். நோய் எதிர்ப்பு மண்டலமே மூளை, தண்டுவட நரம்புகளின் மயலின் உறையைத் தாக்கும். சிக்னல் தடுமாறும், ஒரு கண் மங்கும், கால் மரத்துப்போகும், அசதி அழுத்தும். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்கும், பெண்களுக்கே அதிகம்.

சில வாரங்களில் தானாகச் சரியாவதால் பலர் 'டென்ஷன்' என்று விட்டுவிடுகிறார்கள். சிக்கலே அங்குதான்: உள்ளே பாதிப்பு தொடரலாம். உடல் சூடு ஏறினாலும் அறிகுறிகள் கூடும். எண்ணூர், திருவொற்றியூர் வெயிலில் வேலை பார்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

முழுக் குணம் இல்லை. ஆனால், சீக்கிரம் மருந்து தொடங்கினால் தாக்குதல்கள் குறையும். வடசென்னைக்காரர்கள் ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் நரம்பியல் பிரிவை அணுகலாம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் எம்.எஸ். நோயும் ஒன்று.