மல்லாந்து உறங்கட்டும் குழந்தை

முதல் குழந்தை பிறந்த வீட்டில் இரவுகள் நீண்டுவிடுகின்றன. குழந்தை அழுதால் ஏன் அழுகிறது என்று பதறுகிறவர்கள், அழாமல் தூங்கினாலும் மூக்கருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்க்கிறார்கள். இதில் கேலி செய்ய எதுவுமில்லை. பச்சிளங் குழந்தையின் மூச்சு பெரியவர்களின் மூச்சைப் போல் ஒரே சீராக இருப்பதில்லை. கொஞ்ச நேரம் வேகமாக வாங்கும், பிறகு ஐந்து முதல் பத்து நொடி நின்றுவிடும், மறுபடி தானாகவே தொடங்கும். மூச்சை ஆளும் மூளைப்பகுதி இன்னும் முதிராததால் வரும் இயல்பு இது. ஆனால் நள்ளிரவில் அந்தப் பத்து நொடியைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாய்க்கு அது இயல்பாகத் தெரியாது. பேபி மானிட்டர் என்னும் கண்காணிப்புக் கருவியை வாங்க வைப்பது பெரும்பாலும் அந்தப் பத்து நொடிப் பயம்தான். அந்தக் கருவி குழந்தையின் சத்தத்தை நம்மிடம் கொண்டுவந்து சேர்க்கும். குழந்தையின் உயிரைக் காக்கும் என்று நம்ப ஆதாரமில்லை. இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்வதால்தான் சிக்கல் வருகிறது.

தொடக்கத்தில் அதன் வேலை சத்தத்தைக் கடத்துவது மட்டுமே. 1932-இல் அமெரிக்க விமானி சார்லஸ் லிண்ட்பெர்கின் இருபது மாதக் குழந்தை, நியூ ஜெர்சியில் அவர் வீட்டு மாடி அறையிலிருந்து கடத்திக் கொல்லப்பட்டது. அந்த அதிர்ச்சி அடங்காத காலத்தில், ஜெனித் ரேடியோ நிறுவனத்தின் தலைவர் யூஜீன் மெக்டொனால்ட் தன் மகள் தூங்கும் அறையின் ஒலியைக் கேட்க ஒரு கருவி வேண்டுமென்று விரும்பினார். சிற்பி இசாமு நொகுச்சி அதற்கு பேக்கலைட்டில் உருவம் கொடுத்தார். 1937-இல் உருவான அந்த ‘ரேடியோ நர்ஸ்’, குழந்தையின் அறையில் எழும் ஒலியை வீட்டு மின்கம்பி வழியாகவே அடுத்த அறைக்குக் கொண்டுவந்தது. பிள்ளையைத் தனியறையில் படுக்க வைக்கும் வீட்டுக்கு அது தேவையான பொருள். தொட்டிலுக்கு அருகிலேயே தாய் பாய் விரித்துப் படுக்கும் நம் வீடுகளில் அதற்கு அவ்வளவாக வேலை இல்லை. இருந்தும் இங்கேயும் வாங்குகிறார்கள் என்றால், மூச்சையும் அது காவல் காக்கும் என்ற நம்பிக்கைதான் காரணம்.

அந்த நம்பிக்கை வளர்ந்த கதை வேதனையானது. நலமாக இருந்த குழந்தை தூக்கத்திலேயே காரணம் தெரியாமல் இறந்துபோவதை ‘திடீர் சிசு மரணம்’ என்கிறார்கள். 1972-இல் அமெரிக்க மருத்துவர் ஆல்ஃபிரட் ஸ்டைன்ஷ்னைடர் ‘பீடியாட்ரிக்ஸ்’ இதழில் ஐந்து குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரை, உறக்கத்தில் மூச்சு நீண்ட நேரம் நின்றுபோவதே இதற்குக் காரணமாக இருக்கலாம் என்றது. மூச்சு நின்றால் அலறும் கருவிகள் வீடுகளுக்குள் வந்தன. கட்டுரையில் இடம்பெற்ற ஐவரில் இறந்துபோன இருவர் உடன்பிறந்தவர்கள். அவர்களையும், தான் பெற்ற மற்ற மூன்று பிள்ளைகளையும் கொன்றதாக 1995-இல் நியூயார்க் மாநில நீதிமன்றம் தாயைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. மூச்சு நிற்பதே காரணம் என்ற கொள்கையின் முக்கியச் சான்றே சரிந்தது. 2001-இல் வெளிவந்த ‘சைம்’ ஆய்வு, 1,079 குழந்தைகளை வீட்டிலேயே கருவி மாட்டிக் கண்காணித்தது. அவர்களில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டவர்களுக்கு, வழக்கமான அலாரம் அடிக்கும் அளவுக்கு மூச்சோ இதயத்துடிப்போ குறைந்திருந்தது. நிறைமாதத்தில் நலமாகப் பிறந்தவர்களிடமும் அது சாதாரணமாகக் காணப்பட்டது. திடீர் சிசு மரணத்தைத் தடுக்க வீட்டு மானிட்டரைப் பரிந்துரைக்க வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் சங்கம் 2003-இல் சொன்னது.

உயிர்களைக் காத்தது காசில்லாத ஒரு மாற்றம்: குப்புறப் போடாமல் மல்லாத்திப் படுக்க வைப்பது. 1980களின் இறுதியில் நெதர்லாந்தும், 1991-இல் பிரிட்டனும், 1994-இல் அமெரிக்காவும் இதைப் பிரசாரமாக எடுத்துச் சென்றன. அமெரிக்காவில் 1992-இல் ஆயிரம் பிறப்புக்கு 1.2 ஆக இருந்த திடீர் சிசு மரணம் பத்தாண்டில் ஏறத்தாழப் பாதியானது. மனதை உறுத்துவது வேறொன்று. குப்புறப் படுப்பதன் ஆபத்தை, அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்திருந்தால் 1970-லேயே உணர்ந்திருக்க முடியும் என்றும், ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளில் குறைந்தது 50,000 குழந்தைகள் பிழைத்திருக்கக்கூடும் என்றும் 2005-இல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. அலாரங்களை நம்பியிருந்த அதே ஆண்டுகளில்தான் பிள்ளைகளைக் குப்புறப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

மல்லாத்திப் போட்டால் பால் கக்கிப் புரையேறாதா என்று பாட்டிமார் கேட்பது நியாயமான கேள்வி. மல்லாந்து கிடக்கும்போது மூச்சுக்குழல் மேலேயும் உணவுக்குழல் கீழேயும் இருக்கின்றன. கக்கிய பால் மூச்சுக்குழலுக்குள் போக மேல்நோக்கி ஏற வேண்டும். குப்புறப் படுத்தால் இது தலைகீழாகிவிடுகிறது.

இப்போதைய கருவிகள் பழையவை போல அல்லவே, காலுறையாக மாட்டினால் ஆக்ஸிஜன் அளவையே போனில் காட்டுகின்றனவே என்பார்கள். 2018-இல் அப்படிப்பட்ட இரண்டு கருவிகளை மருத்துவமனைக் கருவியோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒன்று ஆக்ஸிஜன் குறைந்ததை ஒருமுறைகூடக் கண்டுபிடிக்கவில்லை. மற்றது சில வேளை கண்டுபிடித்தது, சில வேளை தவறவிட்டது. பின்னாளில் ஆவ்லெட் நிறுவனத்தின் காலுறை ஒன்றுக்கு 2023-இல் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது உண்மைதான். ஆனால் ஆக்ஸிஜனைச் சரியாக அளப்பது வேறு, சாவைத் தடுப்பது வேறு. மனநிம்மதிக்காகவாவது இருக்கட்டுமே என்றால், பொய் அலாரம் ஒன்று அடித்தால் நடுராத்திரியில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். தேவையில்லாமல் ரத்தம் எடுப்பார்கள், எக்ஸ்ரே எடுப்பார்கள். அலாரம் அடிக்காத இரவோ, குழந்தை எப்படிக் கிடந்தாலும் பரவாயில்லை என்ற தைரியத்தைத் தந்துவிடும். எனக்கு இரண்டாவதுதான் அதிகம் பயமூட்டுகிறது.

கருவியே வேண்டாம் என்பதல்ல என் வாதம். குறைமாதத்தில் பிறந்து ஆக்ஸிஜனோடு வீடு திரும்பும் குழந்தைக்கு மருத்துவர் எழுதிக்கொடுக்கும் மானிட்டர் அவசியம். காது கேளாத பெற்றோருக்கு, அழுகையை விளக்கொளியாகவும் அதிர்வாகவும் மாற்றித் தரும் கருவி பேருதவி. சமையலறையில் இருப்பவருக்கு மாடியில் எழும் அழுகை கேட்பதும் நல்லதே. வயரை மட்டும் தொட்டிலிலிருந்து மூன்றடியாவது தள்ளி வைக்க வேண்டும். கழுத்தில் சுற்றிக் குழந்தைகள் இறந்ததால் 2011-இல் அமெரிக்காவில் ஒரு நிறுவனம் பதினேழு லட்சம் மானிட்டர்களைத் திரும்ப அழைத்தது.

மானிட்டருக்குச் செலவழிக்கும் அக்கறையைப் படுக்கையின் பக்கம் திருப்பலாம். உறுதியான, சமதளமான விரிப்பு; தலையணை இல்லை, தலை உருண்டையாக வரட்டும் என்று வைக்கும் கடுகுத் தலையணையும் இல்லை. உடம்பை வளைத்துப் பிடிக்கும் தூளி இந்தச் சமதள அளவுகோலுக்குள் வராது. நமக்குப் பிரியமானது என்பதற்காக இதை மறைப்பதில் பயனில்லை. வீட்டில் யாரும் புகைக்கக் கூடாது. களைத்துப்போய்க் குழந்தையை அணைத்தபடி சோபாவில் கண்ணயர்வது மிக ஆபத்தானது. இரவில் ஒரு பங்கைத் தகப்பனும் விழித்திருந்து பார்த்துக்கொண்டால் அந்தக் களைப்பு குறையும். அவர் பார்த்துக்கொள்ளும்போதும், குழந்தை அசந்து தூங்கும்போதும்கூடத் தாய்க்குக் கண் மூடவில்லை, கெட்டது நடக்கும் என்ற நினைப்பு விடவில்லை என்றால், அது பிரசவத்துக்குப் பின் வரும் பதற்ற நோயாக இருக்கலாம், சிகிச்சையால் குணமாகும். ஆறு, பத்து, பதினான்காம் வாரத் தடுப்பூசிக்குப் போகும்போது டாக்டர் குழந்தையின் எடையைக் கேட்பார். தாயின் தூக்கத்தைப் பற்றி அவர் கேட்காவிட்டாலும், உடன் போகிறவர் சொல்லிவிட வேண்டும்.