அம்பு இல்லாத வில்

வில் என்றதும் எல்லோருக்கும் அர்ச்சுனன்தான் ஞாபகத்துக்கு வருவான். எங்கள் தாத்தாவிடம் 60 வில் இருக்கிறது, ஒன்றுக்குக்கூட அம்பு கிடையாது. தஞ்சாவூர் கிட்டி என்பார்களே, எலி பிடிக்கிற கிட்டி, அதுதான்.

மூங்கில் பிளாச்சை வளைத்து நாண் கட்டி, சின்னக் குச்சியால் தடுத்து வைத்திருக்கும். எலி நெல்பொரியை இழுத்ததும் குச்சி விலகும், வில் விரியும், கழுத்தில் ஒரே இறுக்கு. நம்ம விரல் மாட்டினாலும் வீங்கிடும்!

செய்வதைவிட வைக்கிறதுதான் கஷ்டம். சாயங்காலம் தாத்தா குனிந்துகொண்டே வரப்பில் போவார். புது மண் தள்ளிய வளை, எலி ஓடிய தடம், அடியில் சாய்வாக வெட்டுப்பட்ட பயிர் எல்லாம் பார்த்துத்தான் வைப்பார். தண்ணீர் நின்றால் சேற்றைக் குவித்து மேடு பண்ணி அதன்மேல் வைப்பார். ஒரு மாவுக்கு 10 கிட்டி (3 மா ஒரு ஏக்கர்). விடிவதற்குள் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நாய் கிட்டியோடு தூக்கிட்டுப் போயிடும். பயிர் சூல் கட்டுவதற்கு முன்னாலேயே பிடித்துவிட வேண்டும். கதிர் வந்துவிட்டால் எலி தின்பதோடு விடாது, வளைக்குள் சேர்த்தும் வைக்கும்.

சிலர் விஷம் வைக்கிறார்கள். சிங்க் பாஸ்பைடு கலந்த இரையைக் கொஞ்சம் தின்று பிழைத்த எலி மறுபடி அதைத் தொடாது. செத்த எலியைத் தின்கிற பூனை, நாய்க்கும் ஆபத்து. கிட்டியில் அந்தப் பயமில்லை.

எலி வாலை எண்ணித்தான் கூலி. வகுப்பில் என்னைக் ‘கிட்டி’ என்று கேலி செய்கிறவர்கள் வீட்டு வயலிலும் எங்கள் தாத்தாதான் வைக்கிறார். போன வாரம் அங்கே 42 வால்.